நாய்க்கு வாங்கிய எலும்பு

அசல்காரர் என்றோர் இனம் நம் நாட்டில் வேகமாகப் பெருகிவருகிறது. வனத்துறை கணக்கெடுக்கவில்லை, அதனால் அரசுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஆசையாய்க் காப்பியை வாயில் வைக்கும்போது, "இதெல்லாம் காப்பியே இல்லீங்க" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு தலை நீண்டதே, அவர்தான். பிரியாணியில் உருளைக்கிழங்கைக் கண்டு கண்கலங்கியவரும் அவர்தான். பூமிப்பந்தின் அந்தப் பக்கத்தில் எது எப்படிச் சமைக்கப்படுகிறது, எந்தக் கரண்டியால் எத்தனை முறை கிண்டப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அடுத்த தெருவில் யார் வீட்டு அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது மட்டும் தெரியாது. அது உள்ளூர்ச் செய்தி. உள்ளூர்ச் செய்தியில் அசல் ஏது?

இந்த இனத்தின் ஆகப் புதிய கிளை, ராமென் அசல்காரர்.

ராமென் என்றால் என்ன என்று கேட்கும் அப்பாவி வாசகரே, கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். அசல்காரர் காதில் விழுந்தால் உங்கள் மாலைப்பொழுது போயிற்று. ஜப்பான்காரர்கள் எலும்பை வேகவைத்த சாற்றில் கோதுமை இழைகளைப் போட்டு, மேலே பாதி முட்டையும் இரண்டு துண்டு இறைச்சியும் வைத்து, சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடுவது. அவ்வளவுதான். பசித்தவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஆனால் கைபேசிக்குள் நுழைந்ததும் அது ஒரு மதமாகிவிட்டது. திறந்தால் ஒரு கிண்ணம், கிண்ணத்தின் மேல் ஆவி, ஆவிக்குள்ளிருந்து இரண்டு குச்சி, குச்சியின் நுனியில் நெளியும் இழை, அந்த இழையை ஒருவர் சர்ரென்று உள்ளே இழுக்க, அதை நாற்பது லட்சம் பேர் எச்சில் ஊறப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் முறுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துப் போட்ட நூடுல்ஸ் பொட்டலம் தொங்குகிறது. டவுன் பஸ்ஸில் சன்னலோர இருக்கையில் ஒரு பெண் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் உறிஞ்சுவதைக் கேட்டபடியே அரிமளம் வரை வருகிறார். டிக்கெட் ஒன்று, உறிஞ்சல் இலவசம்.

அந்த அரிமளத்தில்தான் நம்முடைய மாதிரி இருக்கிறது. பெயர் குணசேகரன். வயது நாற்பத்தாறு. ஓர் அலுவலகத்தில் உதவியாளர். வடக்குத் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். இணையத்தில் "அரிமளம் குணா-சான்"; நம்மூர் "சார்" ஜப்பானில் "சான்". நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் பன்னிரண்டு பேர் சொந்தக்காரர்கள், வேறு வழியில்லாமல்.

இவர் பிறவி அசல்காரர் இல்லை. இரண்டு வருடம் முன்பு பைக் வழுக்கிக் கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்தில் முந்நூறு ராமென் காணொளிகளைப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு நிமிடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். "மொத ரெண்டு நிமிஷம் எப்பவுமே வெட்டிப்பேச்சுதான்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாறப்போகிறது.

கட்டுப் பிரித்தபோது கால் நேராகியிருந்தது. ஆள் ஜப்பான் பக்கம் சாய்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அவரிடம் ஒரு வாக்கியம் குடியேறியது: "இது ராமென் இல்லீங்க." எதிர்வீட்டுப் பெண் பிள்ளைக்கு நூடுல்ஸ் கிண்டினால், சுவருக்கு மேலே தலை தோன்றும். இது ராமென் இல்லீங்க. அந்தப் பெண் அதை ராமென் என்று சொல்லவே இல்லையே? இருக்கட்டும். கல்யாணப் பந்தியில் இடியாப்பம் வைத்தால், பரிமாறுகிறவரை நிறுத்தி வைத்து இழையின் தடிமனைப் பற்றி விளக்குவார். பின்னால் பந்தி காத்துக்கிடக்கும். ராமென் வகைகளை ஷோயு, ஷியோ, மிசோ என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து நான்காவது விரலில் நிறுத்தி, கண்ணை மூடி, "டொன்கொட்சு" என்பார். சாமி வந்தவர் போலிருக்கும். டொன்கொட்சு என்றால் பன்றி எலும்பு. அதைத் தமிழில் சொல்லமாட்டார். தமிழில் சொன்னால் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

உறிஞ்சலைச் சொல்ல மறந்தேனே. ரசத்தை உறிஞ்சிக் குடித்ததற்காகத் தன் மகளைப் பத்து வருடம் அதட்டியவர் இவர். "என்ன பழக்கம் அது, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி?" இப்போது அவரே ரசத்தைச் சர்ரென்று இழுத்தார். மனைவி பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஜப்பான்ல சத்தம் வராம சாப்பிட்டா சமைச்சவங்கள அவமானப்படுத்துற மாதிரி."

"இருபத்திரெண்டு வருஷமா நான் சமைச்சுப் போட்டேன். இப்பத்தான் என்னய அவமானப்படுத்தக் கூடாதுன்னு ஒங்களுக்குத் தோணுச்சாக்கும்?"

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் இளைஞர்கள் சேர்ந்து ஒரு சின்ன உணவகம் திறந்து, கோழி எலும்பில் ராமென் போட்டார்கள். குணசேகரன் பேருந்தேறிப் போனார். இழையைக் குச்சியால் தூக்கி, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பது போல விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழே போட்டார். "இது ராமென் இல்லீங்க. அசல் பன்னெண்டு மணி நேரம் கொதிக்கணும்."

பரிமாறிய பெண் பணிவாகக் கேட்டார்: "அதுவரைக்கும் உக்காந்திருக்கீங்களா சார்?"

ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆம் வாசகரே, அதுதான் ரகசியம். அரிமளம் குணா-சான் தன் வாழ்நாளில் ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டது கிடையாது. சாப்பிட்டுவிட்டால் அப்புறம் பேசுவதற்கு நேரம் ஏது?

இனி அன்புமொழியிடம் வருவோம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வடக்குத் தெரு திரும்பும் முனையில், தகரக் கூரையும் வெள்ளை ஓடு பதித்த மேடையுமாக ஒரு கடை. "வெண்பன்றி இறைச்சி" என்று பலகை. புதனும் ஞாயிறும் மட்டும் கறி. அந்த இரண்டு நாளும் சாயங்காலம் எலும்பு சூப், மிளகு தூக்கலாக. கடையை நடத்தும் அன்புமொழி பி.காம். படித்த பெண். மூன்று வருடம் வேலை தேடி, கிடைக்காமல், கடன் வாங்கிக் கடை போட்டவர். கடை திறக்கும் நாளெல்லாம் கத்தியைக் கொதிநீரில் போடுவார். மேடையை மூன்று முறை கழுவுவார். பாலிடெக்னிக் பிள்ளைகள் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, அவர் சூப்புக்குள் நொறுக்கிப் போட்டு, மேலே ஓர் அவித்த முட்டையும் வைத்து, நின்றபடியே உறிஞ்சிவிட்டுப் பஸ் பிடிப்பார்கள்.

குணசேகரன் அந்தக் கடையைக் கடக்கும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். ஒரு கையில் கைக்குட்டை. மறு கையில் கைபேசி. கைபேசியில் ஜப்பானியப் பெரியவர் ஒருவர் பன்றி எலும்பைக் கிண்டிக்கொண்டிருப்பார். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு தலை இருந்தது. அது எதையும் கவனிக்கவில்லை.

கடைக்குப் பத்தடி தள்ளி ஆட்டுக்கறிக் கடை இருக்கிறது. அங்கேயும் எலும்பு கொதிக்கிறது. அதன் முன்னால் குணசேகரன் கைக்குட்டை எடுத்தது கிடையாது. ஆட்டெலும்பு கொதித்தால் ஆரோக்கியம், பன்றி எலும்பு கொதித்தால் தொற்றுநோய். இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? எந்த ஆய்வகத்தில் நிரூபித்தார்கள்? நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எலும்பு எலும்புதான். அதை எந்தத் தெருக்காரர் கழுவினார் என்று பார்ப்பதற்கு நுண்ணோக்கி போதாது; அதற்கு வேறொரு கண் வேண்டும். அந்தக் கண்ணை நம் ஊரில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசிக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே செயலாளர் மனு எழுதினார். குணசேகரனின் மனு சாதாரண மனு இல்லை. "எலும்பைக் கொதிக்க வைப்பதால் எழும் சகிக்கவொண்ணாத் துர்நாற்றம் வடக்குத் தெருவெங்கும் வியாபித்து, முதியோரும் குழவிகளும் மூச்சுத் திணறி, மூக்கைப் பொத்தியே வாழ வேண்டிய அவலநிலைக்கு ஆளாகியுள்ளதால், மேற்படி கடையைக் கண்மாய்க்கு அப்பால் அகற்றி அருளுமாறு" என்று ஒரே வாக்கியத்தில் ஒன்றரைப் பக்கம். நாற்பத்தொரு கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து பிரகதீஸ்வரியுடையது. அதையும் குணசேகரனே போட்டார். மனைவியைக் கூப்பிட்டுப் பேனா கொடுத்து நேரத்தை வீணாக்குவானேன்?

கண்மாய்க்கு அப்பால் என்றால் என்ன அர்த்தம் என்று அன்புமொழிக்குத் தெரியும். "அங்கிட்டுப் போனா யாரு வருவா? கொக்குதான் வரும். கொக்குக்கு மீனுதான் வேணும்" என்றார். பேருந்து நிறுத்தம் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் கடன் மட்டும் இருக்கும். பேரூராட்சி அலுவலகத்தில் மனு நின்றது. நாற்றம் உண்மையா என்று நேரில் பார்த்தபிறகுதான் முடிவு என்று சுகாதார ஆய்வாளர் ஜெபக்குமார் சொல்லிவிட்டார். இரண்டு முறை வந்து போனார். இரண்டு முறையும் மிளகு வாசம்தான் வந்தது.

குணசேகரன் கொதித்தார். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஆய்வாளரின் எண்ணைப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ஒரு செய்தியைப் பொருத்தினார்: "நாற்றம் வந்தால் தாமதிக்காதீர். உடனே கூப்பிடுங்கள். நாற்றம் இருக்கும்போதே அதிகாரி வந்து முகர வேண்டும். இவண், செயலாளர்."

எவ்வளவு தெளிவான உத்தரவு! எவ்வளவு கட்டுப்பாடான சங்கம்!

இந்த நேரத்தில்தான் இணையத்தில் பீட்டர் முளைத்தார். ஆவூர்க்காரர், ஜப்பானில் ஒசாக்கா நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குணா-சானின் பதிவு ஒன்றின் கீழே எழுதினார்: "சார், நான் இங்க ஸ்டேஷன் பக்கத்துல தெனம் சாப்பிடுறேன். ஆறு நிமிஷத்துல நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடுவோம். இவ்வளவு விஷயம் இருக்குன்னே தெரியாது. நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

அதற்கு நூற்றெண்பது பேர் இதயம் போட்டார்கள். "ஆமாண்ணே, எப்பண்ணே?" "வாய்லயே கொதிக்க வைப்பாரோ?" குணசேகரனுக்குக் காது சிவந்தது. வரும் திங்கள் மாலை ஐந்து மணிக்கு நேரலை, அசல் டொன்கொட்சு, பன்னிரண்டு மணி நேரக் கொதி என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்தபிறகுதான் ஒன்று உறைத்தது. எலும்பு?

இணையத்தில் உறைய வைத்த எலும்பைத் தேடினார். உங்கள் பகுதிக்கு இந்தச் சேவை இல்லை என்றது. வெளியூர்க் கடைகளை விசாரித்தார். எலும்பை முந்தின வாரமே சொல்லிவைக்க வேண்டுமாம். சுற்றிச் சுற்றிக் கடைசியில் உலக வரைபடம் முழுவதும் சுருங்கி, வடக்குத் தெரு முனையில் ஒரு தகரக் கூரையில் வந்து நின்றது.

ஞாயிறு விடியற்காலை, தலையில் ஹெல்மெட்டை மாட்டி, முகக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நூறடி தூரத்தை நடந்தே போனார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்து வருகிறவரை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அவர் கணக்கு.

"வாங்க சார்" என்றார் அன்புமொழி. "வண்டி எங்க, தொலஞ்சு போச்சா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ முனகல்.

"கழட்டிட்டுப் பேசுங்க சார். உள்ள எதிரொலிக்குது."

கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் இரண்டு விரற்கடை தூக்கினார். "அஞ்சு கிலோ எலும்பு வேணும்மா."

அன்புமொழி கத்தியைக் கீழே வைத்தார். தன்னைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் தள்ள எழுதிய கை, பையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கணம் பார்த்தார். அப்புறம் தப்பிக்க ஒரு வழியையும் அவரே திறந்துவிட்டார். "நாய்க்கா சார்?"

"ஆமா!" குணசேகரன் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "நாய்க்குத்தான்!"

"ஒங்க வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கு."

"எத்தன நாய் சார்?"

"ஒண்ணுதான். பெருசு."

"சரிங்க. என்ன எலும்பு போடட்டும், கழிச்ச எலும்பு போடவா?"

இங்கேதான் அசல்காரரின் வியாதி வெளிப்பட்டது. வாயை மூடிக்கொண்டு பையை வாங்கியிருக்கலாம். முடியுமா? முந்நூறு காணொளி! "கழிச்சதெல்லாம் வேணாம். தொடை எலும்பு மூணு கிலோ, நடுவுல பொளந்து, மஜ்ஜை தெரியணும். கழுத்தெலும்பு ஒரு கிலோ, அதுலதான் இனிப்பு எறங்கும். மிச்சம் காலு, குளம்ப எடுத்துட்டு. காலு போட்டாத்தான் சாறு பால் மாதிரி வெளுக்கும், ஒதடு ஒட்டும்."

அன்புமொழி எலும்பைப் பிளந்துகொண்டே சொன்னார்: "ஒங்க நாய் ரொம்ப வெவரமான நாய் சார்."

திங்களன்று விடுப்பு. சமையலறைக்குள் அந்தப் பையோடு காலை வைத்தால் தன்னைத் தாண்டித்தான் வைக்கவேண்டும் என்று பிரகதீஸ்வரி சொல்லிவிட்டதால், மொட்டைமாடியில் மூன்று செங்கல், விறகு, வாடகை அண்டா. காலை ஐந்து மணிக்கு எலும்பைத் தண்ணீரில் போட்டு மூடினார். தலையில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டினார், படத்தில் பார்த்த பெரியவரைப் போல.

எட்டு மணிக்கு ஒரு வாடை எழுந்தது. அதை எப்படி விவரிப்பது? கவிச்சி என்றால் போதாது. பத்து மணிக்கு அது படியிறங்கித் தெருவுக்கு வந்தது. பதினொன்றுக்கு வடக்குத் தெருவின் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நண்பகலில் ஆட்டுக்கறிக் கடைக்காரரே வெளியே வந்து காற்றை மோந்து பார்த்தார். காக்கைகள் வந்தன, சுற்றின, யோசித்தன, போய்விட்டன.

மாடியில் குணசேகரன் மட்டும் கண்மூடி நின்றார். நாற்றம் அவருக்கும் தெரிந்தது. ஆனால் அசல் என்றால் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று முடிவு செய்தார். மூக்கு சொல்வதைவிட நம்பிக்கை பெரிது. நம் நாட்டில் அந்த நம்பிக்கையிலேயே கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்!

கீழே சங்க உறுப்பினர்கள் வாட்ஸப்பைத் திறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே செயலாளரின் உத்தரவு நின்றது. அன்புமொழியின் கடைதான், வேறு எங்கிருந்து வரும்? நாற்றத்துக்கு நம் ஊரில் முகவரி ஏற்கெனவே எழுதிவைத்தாயிற்றே. சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் ஆய்வாளரை அழைத்தார்கள். "சார், ஓடியாங்க. மனுல இருக்குற அதே நாத்தம். அதவிட மேல."

நாலே முக்காலுக்கு ஜெபக்குமார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கடை பூட்டியிருந்தது. திங்கட்கிழமை. தகவல் தெரிந்து அன்புமொழி ஓடிவந்தார். பூட்டைத் திறந்தார். இன்றோடு கடை போயிற்று என்றுதான் நினைத்திருப்பார். ஜெபக்குமார் அடுப்பில் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. மேடையை முகர்ந்தார். சோப்பு வாசம்.

"எங்கருந்தும்மா வருது?"

அன்புமொழி காற்றை ஒரு முறை இழுத்தார். தொழில்காரர் மூக்கு. எலும்பு என்ன, எந்தப் பாகம், எத்தனை கிலோ என்பது வரை தெரிந்துவிட்டது. பயம் கரைந்து முகத்தில் வேறொன்று பூத்தது. "சார், எங்கூட இங்கிட்டு வாங்க" என்றார்.

முன்னால் அன்புமொழி, பின்னால் ஆய்வாளர், அவருக்குப் பின்னால் மூக்கைப் பொத்திய நலச் சங்கம். ஊர்வலம் செயலாளரின் வீட்டு வாசலில் நின்றது. பிரகதீஸ்வரி கதவைத் திறந்தார். மாடிப்படியைக் கையால் காட்டினார்.

மேலே நேரலை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் குழாயில் கட்டிய கைபேசியில் அறுநூறு பேர். "இந்த மணம் இருக்கே, இதுக்கு உமாமின்னு பேரு. இத ஒங்களுக்குத் திரை வழியாக் குடுக்க முடியலியேன்னு எனக்கு வருத்தம்" என்று குணசேகரன் சொல்லிக்கொண்டிருந்தார். பீட்டர் எழுதினார்: எலும்பு எந்தக் கடை சார்? குணசேகரன் பதில் சொன்னார்: "ஓர் அசல் மூலத்துலருந்து வரவழச்சதுங்க."

"நாய் எங்க சார்?" என்று திரைக்குள் வந்து நின்றார் அந்த அசல் மூலம்.

அறுநூறு ஆயிரமானது. இப்படிப்பட்ட செய்தி எப்படித்தான் பரவுமோ!

ஜெபக்குமார் நிதானமான மனிதர். மனுவை எடுத்தார், மூக்குக் கண்ணாடியைப் போட்டார், வாசித்தார். "எலும்பைக் கொதிக்க வைப்பதால் எழும் சகிக்கவொண்ணாத் துர்நாற்றம்... நீங்க எழுதுனதுதான சார்?"

"நான்தான். நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லா வந்திருக்கு. இப்ப எனக்கு ஒரு சந்தேகம். இந்த அண்டாலருந்து வர்றது துர்நாத்தமா? ஆமான்னா, மனு சரி. நோட்டீஸ இந்த வீட்டு விலாசத்துக்குக் குடுத்துட்டுப் போறேன். இல்ல, இது மணம்னா மனு தப்பு. அத எழுதிக் குடுத்துருங்க. நான் மூக்குல கேக்கல சார், எழுத்துலதான் கேக்குறேன்."

குணசேகரன் அண்டாவைப் பார்த்தார். கீழே நாற்பது அண்டை வீட்டார். குழாயில் ஆயிரம் பேர். நாற்றம் என்று சொன்னால் ஜப்பான் போயிற்று. மணம் என்று சொன்னால் மனு போயிற்று. இரண்டு வருடத் தவம் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்க வாக்கியம் ஒரு பக்கம்.

அதற்குள் அன்புமொழி கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் நுரை கட்டிக் கிடந்தது. "சார், மொதக் கொதில வர்ற தண்ணியக் கீழ ஊத்துனீங்களா?"

"எந்தத் தண்ணிய?"

"எலும்பப் போட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, எலும்பத் தேச்சுக் கழுவிட்டு, புதுத் தண்ணில போடணும். ரத்தமும் அழுக்கும் அதுலதான் போகும். நீங்க அத உள்ள வச்சே பன்னெண்டு மணி நேரம் காய்ச்சியிருக்கீங்க."

பீட்டர் எழுதினார்: ஆமா சார், இங்கயும் அப்படித்தான். எல்லா வீடியோலயும் மொத ரெண்டு நிமிஷத்துல அதத்தான சொல்வாங்க?

"எங்கடையில வர்றது வாசம் சார். நாத்தம் ஒங்க வீட்லதான்" என்றார் அன்புமொழி. ஏசவில்லை. வைத்தியர் நோயைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அந்த மனுவக் கொஞ்சம் குடுங்க சார்" என்று பிரகதீஸ்வரி கையை நீட்டினார். பார்த்தார். "இதுல ரெண்டாவதா என் கையெழுத்து இருக்கே. நான் போடலியே? என் கையெழுத்துல சுழி இவ்வளவு அழகா வராதே."

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலாகக் குணசேகரனைப் பார்த்தார். மனு நின்றால் கள்ளக் கையெழுத்தும் அதோடு நிற்கும்.

"மணம்!" என்று கத்தினார் குணசேகரன். "மணம்தான் சார்! உலகத்துலயே ஒசந்த மணம்! பேனாவக் குடுங்க!"

எழுதினார். எழுதத் தொடங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. எழுத்தில் அவரை யார் மிஞ்சுவார்? "எலும்பு கொதிக்கையில் எழுவது நாற்றமன்று என்பதும், கீழ்த்திசை நாகரிகங்கள் தலைமேல் வைத்துப் போற்றும் நறுமணமே என்பதும், அறியாமையால் அதை இழித்துரைத்தோர் மூக்கிருந்தும் முகரத் தெரியாதோர் என்பதும், ஆகலின் மேற்படி கடை இருக்கும் இடத்திலேயே என்றென்றும் இருந்து பொலிய வேண்டும் என்பதும்" என்று இதுவும் ஒன்றரைப் பக்கம். சாட்சிக் கையெழுத்தைப் பிரகதீஸ்வரி தன் கையாலேயே போட்டார். அழகாக இல்லை. உண்மையாக இருந்தது.

அண்டாவைக் கவிழ்த்துக் கழுவவேண்டும் என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ஜெபக்குமார் இறங்கிப் போனார். அன்புமொழி படியில் நின்று அந்தக் காகிதத்தின் படத்தைத் தன் கைபேசியில் இரண்டு முறை எடுத்துக்கொண்டார். ஒன்று மங்கலாக இருந்தால் இன்னொன்று வேண்டுமே.

மனம் திருந்தினார் என்று நான் எழுதவேண்டும் என எதிர்பார்க்கிறீர்களா? மாட்டேன். அவர் அந்தக் காகிதத்தை அன்புமொழிக்காக எழுதவில்லை, ஒசாக்காவுக்காக எழுதினார். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க அது ஆறாயிரம் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பரவாயில்லை. வந்ததே.

புதன்கிழமை மாலை குணசேகரன் அந்தக் கடைக்குப் போனார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அன்புமொழி சூப்பை ஊற்றி, பாலிடெக்னிக் பிள்ளைகள் செய்வதுபோலவே நூடுல்ஸை நொறுக்கிப் போட்டு, பாதி முட்டையை வைத்து நீட்டினார். கிண்ணத்தைப் பார்த்தார் குணசேகரன். இழை தவறு. முட்டை தவறு. மிளகு! மிளகை எவன் போடச் சொன்னான்? பழகிப்போன வாக்கியம் தொண்டையில் புறப்பட்டது. சொல்வதற்கு முன் ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

சர்ர்ர்ர்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ஒதடு ஒட்டியது. வாக்கியம் இன்றுவரை வெளியே வரவில்லை. இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீண்டது.

கடைப்பலகையில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "ஜப்பான் எலும்பு கிடைக்கும்." வடக்குத் தெருவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் பையை நீட்டி, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்துகிறார்கள். அன்புமொழியும் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

நீங்கள் நன்றாகச் சிரித்தீர்கள், வாசகரே. இந்தக் குணசேகரனை எனக்குத் தெரியும், எங்கள் தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார் என்று பெயர்கூட நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. படித்து முடித்ததும் உங்கள் கைபேசியைத் திறந்து, நேற்று எந்தெந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு இதயம் போட்டீர்கள் என்று பாருங்கள். அப்புறம் உங்கள் தெருமுனைவரை நடந்து போய், எந்தக் கடைக்கு முன்னால் உங்கள் கை தானாகக் கைக்குட்டையைத் தேடுகிறது என்று பாருங்கள். இரண்டையும் பொருத்திப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. ஒருவேளை பொருந்திவிட்டால் கவலைப்படாதீர்கள். புதனும் ஞாயிறும் அரிமளத்தில் கடை உண்டு. பையோடு வாருங்கள். பதிலை மட்டும் வரும் வழியிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒங்க வீட்ல எத்தன நாய் சார்?